வெள்ளத்துக்கு முன்பே தொடங்க வேண்டிய வைத்தியம்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் மாவட்டத்தில் உள்ள லாபிஸ், பெக்கோக், சாஆ போன்ற சிறு பட்டணங்கள் தோட்டங்களை நம்பி வளர்ந்தவை. முன்பு ரப்பர், இன்று செம்பனை. இந்த வட்டாரத்துக்கு வெள்ளம் புதிதல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இரண்டு முறை வந்த வெள்ளத்தில் ஜொகூரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2011 தொடக்கத்தில் சிகாமட் மறுபடியும் மூழ்கியது. 2023 மார்ச்சில், பருவமழை முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், இன்னொரு முறை வந்தது.

ஒவ்வொரு முறையும் உதவி வருகிறது. பள்ளி மண்டபம் துயர்துடைப்பு மையமாகிறது. பாய், போர்வை, அரிசி, சார்டின் டின் லாரியில் வந்து இறங்குகின்றன. கோயில் நிர்வாகமும் இளைஞர் மன்றமும் சோறு சமைத்துக் கொடுக்கின்றன. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அரசாங்கம் பண உதவி கொடுக்கிறது. இதையெல்லாம் யாரும் குறைத்துச் சொல்லக் கூடாது. இடுப்பளவு தண்ணீரில் கிழவியைத் தோளில் தூக்கி வந்தவர்களை இந்த ஊர் மறக்காது.

ஆனால் வெள்ளத்தால் உடம்பு கெடுவது பெரும்பாலும் அந்த லாரிகள் திரும்பிப் போன பிறகுதான். அதைத் தடுக்கக்கூடிய வேலை, வெள்ளம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டிய வேலை. இந்த இரண்டையும் விளக்கமாகப் பார்ப்போம்.

தண்ணீர் வடிந்த பிறகு

வெள்ளம் என்றதும் மூழ்கிச் சாவதுதான் நினைவுக்கு வருகிறது. மலேசிய வெள்ளங்களில் அது நடக்கத்தான் செய்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அடுத்த கட்டம் வேறு மாதிரி வரும். சேற்றை அள்ளி வீட்டைக் கழுவும்போது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகிறது. எலிக்காய்ச்சல் வெளியே தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், சில சமயம் ஒரு மாதம்கூட. அதற்குள் நிவாரண மையம் மூடப்பட்டிருக்கும். காய்ச்சலோடு கிளினிக்குக்கு வருபவரிடம் “வெள்ளத்தில் வீடு கழுவினீர்களா?” என்று கேட்க ஒருவர் இருந்தால் நோய் சீக்கிரம் பிடிபடும். கேட்க ஆள் இல்லாவிட்டால், சாதாரணக் காய்ச்சல் என்று பெனடோல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், சிறுநீரகம் கெட்ட பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவார். இந்த நோயைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக மலேசியா 2010இல் சேர்த்தது. அறிவிக்க வேண்டுமானால் முதலில் யாராவது சந்தேகப்பட வேண்டும்.

மண்ணிலும் சேற்றிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் இதைவிடக் கொடியது. 2010இல் பகாங்கின் லூபோக் யூவில் தண்ணீரில் மூழ்கியவரைத் தேடப் போன மீட்புக் குழுவினரிடையே இது பரவி உயிர்களைப் பறித்தது. இந்தக் கிருமி இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களை அதிகம் தாக்கும். மண்ணில் வேலை செய்பவர்கள், இனிப்பு நீர் நோய், வெள்ளம் மூன்றும் சந்திக்கும் இடம் எது என்று யோசித்துப் பாருங்கள். அது தோட்டம்தான்.

அப்புறம் டெங்கி. தண்ணீர் வடிந்து, குப்பையும் டயரும் டப்பாக்களும் மழைநீரோடு அங்கங்கே கிடக்கும்போது கொசு பெருகுகிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, செய்தியில் வராத ஒன்று: ஏற்கெனவே நோயாளியாக இருப்பவருக்கு மருந்து நின்றுபோவது. 2017இல் போர்ட்டோ ரிக்கோ தீவை மரியா சூறாவளி தாக்கியபோது அரசாங்கம் முதலில் சொன்ன சாவுக் கணக்கு 64. பிறகு நடந்த விரிவான ஆய்வுக்குப் பின் அந்த எண்ணிக்கை 2,975 ஆகத் திருத்தப்பட்டது. காற்றும் கூரையும் கொன்றவர்கள் அதில் சிலர். மின்சாரமும் மருந்தும் மருத்துவரும் இல்லாமல் அடுத்த மாதங்களில் போனவர்கள் மிகப் பலர். முதியவர்களும் ஏழைகளும்தான் அதிகம்.

வெள்ளை மாத்திரை மூன்று

மலேசிய இந்தியர்களான நம் சமூகத்துக்கு இது ஏன் இன்னும் கடுமையானது? 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். பத்தில் மூன்று பேருக்கு ரத்தக் கொதிப்பு. இனவாரியாகப் பார்த்தால் இனிப்பு நீர் மிக அதிகமாக இருப்பது இந்தியர்களிடம். தோட்டத்திலிருந்து வெளியேறிக் குறைந்த விலை வீடுகளில் வாழும் குடும்பங்களில், வீட்டுக்கு ஒருவராவது மாத்திரை சாப்பிடுபவராக இருப்பது சாதாரணம்.

2023 வெள்ளத்தின்போது ஒரு துயர்துடைப்பு மையத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி. உடுத்திய சேலையோடு படகில் வந்தவர். மருந்துப் பையும் கிளினிக் புத்தகமும் வீட்டில், அலமாரியின் கீழ்த்தட்டில், தண்ணீருக்கு அடியில். அங்கிருந்த மருத்துவக் குழுவின் இளம் தாதி பொறுமையாகக் கேட்டார்: “பாட்டி, என்ன மருந்து சாப்பிடுறீங்க?” அவர் சொன்ன பதில்: “வெள்ளை மாத்திரை மூணு மிஸ்ஸி. பெருசு ஒன்னு, சின்னது ரெண்டு. காலையில சின்னதுல ஒன்னு.” இனிப்பு நீருக்குத் தரும் மெட்ஃபார்மின் வெள்ளை. கிளிக்லசைட் வெள்ளை. ரத்தக் கொதிப்புக்குத் தரும் அம்லோடிபினும் வெள்ளை. எது எத்தனை மில்லிகிராம், எந்த வேளைக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய பதிவு இருந்த கிளினிக்கோ அன்று வெள்ளத்தால் மூடியிருந்தது. தாதி ரத்தத்தைச் சோதித்து, மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, தெரிந்த அளவுக்குச் செய்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அம்மாவின் பெயர், மருந்து, அளவு மூன்றும் இருக்கும் ஒரு தாள், மேடான இடத்தில் இருக்கும் ஒருவர் கையில் இருந்திருந்தால் அந்த அரை நாள் அலைச்சல் தேவைப்பட்டிருக்காது.

சாப்பாட்டையும் பாருங்கள். நிவாரண மையத்தில் வெள்ளைச் சோறு, சார்டின், மெகி மீ, பிஸ்கட், இனிப்புத் தேநீர். பசிக்கு இது போதும். இனிப்பு நீருக்கும் ரத்தக் கொதிப்புக்கும் இது நல்லதல்ல. சமைப்பவர்கள்மீது பழி போட முடியாது, கிடைத்ததைச் சமைக்கிறார்கள். ஆனால் யாராவது முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் அதே செலவில் பருப்பும் முட்டையும் கீரையும் சேர்த்திருக்கலாம். காலில் செருப்பில்லாமல் சேற்றில் நடந்த இனிப்பு நீர் நோயாளியின் பாதத்தைத் தினம் ஒருமுறை பார்க்கும் பழக்கமும் அங்கே வேண்டும். உணர்ச்சி மரத்துப்போன பாதத்தில் ஆணி குத்தினாலும் வலிக்காது. புண் பழுத்து, கடைசியில் விரலை எடுத்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இன்சுலின் போடுபவர்களின் கதை தனி. மின்சாரம் போனால் குளிர்பெட்டி நின்றுவிடும். திறந்து பயன்பாட்டில் உள்ள இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம்வரை அறை வெப்பத்தில் கெடாது, வெயில் படாமல் வைத்தால் போதும். திறக்காத இருப்புக்குத்தான் குளிர் வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல இன்சுலினைத் தூக்கி எறிந்துவிட்டு ஊசியே போடாமல் இருப்பவர்கள் உண்டு. இதை வெள்ளத்தின் நடுவில் சொல்லிக் கொடுக்க முடியாது. சாதாரண நாளில், கிளினிக் வரிசையில், தமிழில் சொல்லியிருக்க வேண்டும்.

டயாலிசிஸ் செய்பவருக்கு இருப்பதிலேயே நேரம் குறைவு. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ஒரு முறைக்கு நூறு லிட்டருக்கும் மேல் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும், மின்சாரம் வேண்டும். வெள்ளம் இந்த இரண்டையும் முதலில் துண்டிக்கிறது. சாலையையும் மூடுகிறது. இரண்டு முறை தவறினால் உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறி இதயம் நின்றுபோகலாம். மலேசியாவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் டயாலிசிஸை நம்பி வாழ்கிறார்கள். புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கும் மேல் இனிப்பு நீரால் சிறுநீரகம் போனவர்கள். ஆக, பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒருவருக்கு இனிப்பு நீரைக் கண்டுபிடித்துக் கட்டுக்குள் வைத்திருந்தால், இன்று அவரைப் படகில் ஏற்றி டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை வந்திருக்காது. நீண்டகால முதலீடு என்று நான் சொல்வதன் பொருள் இதுதான்.

டிரெசர் இருந்த காலம்

நோயாளியை ஊரிலேயே இருந்து தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு தோட்டப்புற மக்களுக்கு முன்பு ஒருவிதத்தில் இருந்தது. அதை மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும்.

ரப்பர்த் தோட்டங்களின் தொடக்க காலம் மலேரியாவின் காலம். காட்டை வெட்டித் திறந்த இடங்களில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். 1901இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை நிரப்பி, வடிகால் வெட்டி, மலேரியாவைக் குறைத்துக் காட்டினார். பிறகு தோட்டங்களிலும் அந்த முறை பரவியது. ஆள் செத்தால் பால் வெட்ட ஆளில்லை என்பதால் காலனி அரசும் முதலாளிகளும் இதைச் செய்தார்கள். தொழிலாளர் சட்டங்களின்படி தோட்ட ஆஸ்பத்திரிகளும் வந்தன. அன்பினால் வந்தவை அல்ல. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் நெரிசலாகவே இருந்தன, கூலி குறைவாகவே இருந்தது.

இருந்தாலும் அதில் ஒரு நன்மை இருந்தது. தோட்டத்துக்குள்ளேயே டிரெசர் எனப்படும் ஆஸ்பத்திரி உதவியாளர் இருந்தார். 1965ஆம் ஆண்டு தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் பதிவுச் சட்டம் அந்தத் தொழிலுக்கு முறையான பதிவைக் கொண்டுவந்தது. டிரெசருக்கு எந்த லயத்தில் யாருக்கு ஆஸ்துமா, யார் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி, எந்தக் கிழவர் மருந்தை எறிந்துவிடுகிறார் என்பது தெரியும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு) வராதவரை யாராவது தேடிப் போவார்கள். ஆயாக் கொட்டகையில் குழந்தைகளின் எடையும் சொறியும் கவனிக்கப்பட்டன. அவருக்கு ஊரைத் தெரிந்திருந்தது, ஊருக்கு அவரைத் தெரிந்திருந்தது. பேரிடர் சமயத்தில் இதைவிட மதிப்பான கருவி எதுவும் இல்லை.

1980களிலிருந்து தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. ஒப்பந்தத் தொழிலாளரும் வெளிநாட்டுத் தொழிலாளரும் வந்தார்கள். நம் மக்கள் பட்டணத்து ஓரத்துக்கு நகர்ந்தார்கள், பல இடங்களில் மலிவாகக் கிடைத்த தாழ்வான நிலத்துக்கு. தோட்ட மருத்துவமனை, குழந்தைக் காப்பகம், வீட்டு வசதி பற்றி 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் பேசுகிறது. தோட்டத்தைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் அங்கே தங்கி வேலை செய்பவரையும் அவர் குடும்பத்தையும் பற்றியது. வேலையை விட்டு வெளியே வந்த நாளோடு முதலாளியின் பொறுப்பு முடிந்தது. அரசாங்கக் கிளினிக் கதவு திறந்துதான் இருந்தது, குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம்தான். ஆனால் வராதவரைத் தேடிப் போகும் ஆள் இல்லாமல் போனார். அந்த வெற்றிடம் இன்றுவரை நிரப்பப்படவில்லை.

இந்த நாட்டுக்குத் தெரியாத வேலை அல்ல

நீண்டகாலம் பொறுத்துச் செலவு செய்வது மலேசியாவுக்குக் கைவராத ஒன்று என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1950 வாக்கில் பிரசவத்தில் தாய் இறப்பது ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஐந்நூறுக்கும் மேல். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அது ஐம்பதுக்கும் கீழே வந்தது. பெரிய ஆஸ்பத்திரிகள் மட்டும் இதைச் செய்யவில்லை. கம்போங்களில் கிராமக் கிளினிக், அங்கேயே தங்கியிருக்கும் கிராமத் தாதி, பாரம்பரிய மருத்துவச்சிகளை ஒதுக்காமல் சேர்த்துக்கொண்ட முறை, ஒவ்வொரு தாய் சாவையும் ஏன் நடந்தது என்று விசாரிக்கும் ஏற்பாடு, இவை பத்தாண்டு பத்தாண்டாகத் தொடர்ந்தன. இடையில் எத்தனையோ பிரதமர்களும் அமைச்சர்களும் மாறினார்கள், வேலை நிற்கவில்லை.

மலேரியாவும் அப்படித்தான். வாட்சன் வடிகால் வெட்டத் தொடங்கிய 1901இலிருந்து, மனித மலேரியா (குரங்கிலிருந்து தொற்றும் வகை இதில் சேராது) உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்ற நிலையை மலேசியா எட்டிய 2018 வரை 117 ஆண்டுகள். யாரும் ஓராண்டுத் திட்டமாக அதைச் செய்யவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஓர் உதாரணம் போதும். 2010 ஜனவரியில் ஹைத்தியின் தலைநகர் நிலநடுக்கத்தில் இடிந்தபோது உலகம் முழுவதிலிருந்தும் குழுக்கள் இறங்கின. மொழி தெரியாது, சாலை தெரியாது. அதே நாட்டின் மத்திய மேட்டுப் பகுதியில் 1980களிலிருந்தே ஜான்மி லாசாந்தே என்ற அமைப்பு உள்ளூர்க்காரர்களைச் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, சம்பளம் கொடுத்து, வீடு வீடாக மருந்து கொண்டுபோக வைத்திருந்தது. தலைநகரில் ஆஸ்பத்திரிகள் விழுந்ததும் காயம்பட்டவர்களை ஏற்றுக்கொள்ள அந்தப் பகுதி ஆஸ்பத்திரிகள் உடனே இயங்க முடிந்தது. அவர்கள் புதிதாக எதையும் தொடங்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் காலரா நுழைந்தபோது, நல்ல தண்ணீரும் கழிவுநீர் ஏற்பாடும் இல்லாத நாடு அதைத் தடுக்க முடியாமல் ஆயிரக்கணக்கானோரை இழந்தது. தண்ணீர்க் குழாயில் பல பத்தாண்டுகள் போடாமல் விட்ட பணத்தை ஒரு மாதத்து நன்கொடையால் ஈடுசெய்ய முடியவில்லை.

பணம் ஏன் நீண்டகாலத்துக்கு வருவதில்லை

உதவிப் பணம் பெரும்பாலும் ஆண்டுக் கணக்கில் வருகிறது. இந்திய சமூகத்துக்கான மித்ரா பிரிவுக்கு ஆண்டுதோறும் 10 கோடி வெள்ளி ஒதுக்கப்படுகிறது. அந்தப் பணத்தால் டயாலிசிஸ் உதவி போன்ற நல்ல காரியங்கள் நடந்துள்ளன. ஆனால் ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பித்து, ஒப்புதல் பெற்று, செலவு செய்து, கணக்குக் காட்ட வேண்டிய பணத்தால் ஐந்து ஆண்டுக்கு ஒரு சுகாதாரப் பணியாளரை வேலைக்கு வைக்க முடியாது. அதனால் ஒருநாள் மருத்துவ முகாம் நடக்கிறது. ரத்தம் எடுக்கிறார்கள், “உங்களுக்குச் சீனி கூடுதல்” என்று சொல்கிறார்கள், அட்டையில் எழுதித் தருகிறார்கள். அடுத்த வாரம் அவர் கிளினிக்குக்குப் போனாரா என்று பார்க்க யாருமில்லை. இப்படியான முகாம்களை நடத்துபவர்களின் மனம் நல்லது. ஆனால் கண்டுபிடித்த நோயைத் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு இல்லாமல் கண்டுபிடிப்பது மட்டும் யாரையும் குணப்படுத்தாது.

ஆள் நிலைப்பதும் பிரச்சினைதான். 2016 கடைசியிலிருந்து இளம் மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்டார்கள். 2021 ஜூலையில் அவர்கள் கருப்புடை அணிந்து நடத்திய போராட்டத்தை நாடே பார்த்தது. எதிர்காலம் தெரியாத ஒருவர் சிறு பட்டணத்துக் கிளினிக்கில் எத்தனை நாள் இருப்பார்? நோயாளியின் குடும்பத்தைத் தெரிந்துகொள்வதற்குள் இடமாற்றம் வந்துவிடுகிறது.

செலவுக் கணக்கையும் பார்க்கலாம். 2021 கடைசியிலும் 2022 தொடக்கத்திலும் வந்த வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. வீடு, சாலை, வாகனம், கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் கணக்கு அது. கெட்டுப்போன சிறுநீரகமும் வெட்டப்பட்ட விரலும் அதில் இல்லை. பேரிடரைத் தாங்கும் கட்டமைப்புக்கு ஏழை, நடுத்தர நாடுகள் போடும் ஒவ்வொரு டாலருக்கும் சராசரியாக நான்கு டாலர் நன்மை திரும்புகிறது என்று உலக வங்கி 2019இல் கணக்கிட்டது. நாடாளுமன்றம் 2023 ஜூனில் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை பதினைந்து ஆண்டுச் சீரமைப்பைப் பற்றிப் பேசுகிறது. பொதுச் சுகாதாரச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 விழுக்காட்டை நோக்கி உயர்த்த வேண்டும் என்கிறது. நல்ல இலக்கு. அந்தப் பணம் தலைநகரத்துப் பெரிய கட்டடங்களோடு நின்றுவிடாமல் லாபிஸ் வரைக்கும் வர வேண்டும் என்பதுதான் என் கவலை.

எதில் போட வேண்டும்

முதலில் ஆள். ஊரிலேயே வாழும், தமிழும் மலாயும் பேசும், சம்பளம் வாங்கும் சுகாதாரப் பணியாளர். இருநூறு, முந்நூறு வீட்டுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தம் பார்ப்பது, சீனி பார்ப்பது, பாதம் பார்ப்பது, மருந்து தீர்ந்ததா என்று கேட்பது, கிளினிக் தேதியை நினைவூட்டுவது அவர் வேலை. கோஸ்பென் என்ற பெயரில் சுகாதார அமைச்சு தொண்டர்களை இப்படிப் பயிற்றுவித்து வருகிறது. அந்த அடித்தளம் இருக்கிறது. வங்காளதேசம் 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேரை இழந்த பிறகு கட்டியெழுப்பிய தொண்டர் படையில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அங்கே புயல் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஆண்டு முழுவதும் வீடு வீடாகப் போகும் வேலையைத் தொண்டு என்று சொல்லி இலவசமாக வாங்கக் கூடாது. இந்த வேலைக்குப் பெரும்பாலும் வரப்போவது நம் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய நேரத்துக்கு விலை உண்டு.

அடுத்தது பட்டியல். யார் இன்சுலின் போடுகிறார், யார் டயாலிசிஸ் செய்கிறார், யார் படுக்கையில், எந்த வீட்டில் ஒன்பதாம் மாதக் கர்ப்பிணி, யாருக்கு வலிப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை புதுப்பித்து, கிளினிக்கிலும் மாவட்டப் பேரிடர்க் குழுவிடமும் இருக்க வேண்டும். தனிப்பட்ட விவரம் என்பதால் பாதுகாப்பாகவும் இருக்க வேண்டும். எல்லா அரசாங்கக் கிளினிக்குகளையும் இணைக்கும் மின்பதிவேடு இன்னும் முழுமையடையாத நிலையில், நெகிழி உறையில் போட்ட ஒரு தாள்கூட உயிரைக் காப்பாற்றும். சிகாமட்டில் இதற்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. மோனாஷ் பல்கலைக்கழகம் 2011இலிருந்து இந்த மாவட்டத்தின் ஐந்து முக்கிம்களில் (உட்பிரிவுகளில்) ஏறக்குறைய 40,000 பேரின் உடல்நலத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்துவருகிறது. பெக்கோக்கும் சாஆவும் அதில் அடக்கம். வீடு வீடாகப் போய்க் கேட்டால் மக்கள் பதில் சொல்வார்கள், தொடர்ந்து போனால் நம்புவார்கள் என்பதற்கு இந்த மாவட்டமே சாட்சி.

மூன்றாவது, டயாலிசிஸ் மையங்களுக்கு இடையே முன்கூட்டிய ஒப்பந்தம். ஒரு மையம் மூடினால் அதன் நோயாளிகள் எங்கே போவார்கள், யார் வண்டி ஏற்பாடு செய்வார், யார் கட்டணம் கட்டுவார் என்பது மழைக்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். வெள்ள எச்சரிக்கை வந்ததும் ஒருநாள் முன்னதாகவே டயாலிசிஸ் செய்து அனுப்பலாம். தண்ணீரையும் வாழைப்பழத்தையும் இளநீரையும் எப்படிக் குறைப்பது என்று நோயாளிக்குச் சொல்லி வைக்கலாம்.

கிளினிக் கட்டடமும் முக்கியம். 2014 வெள்ளத்தில் கிளந்தானின் கோலகிராய் ஆஸ்பத்திரியையே தண்ணீர் சூழ்ந்தது. மருந்து அறையையும் மின்னாக்கியையும் தரைத்தளத்தில் வைக்காமல் மேலே வைப்பது பெரிய செலவு இல்லை.

வெள்ளம் மட்டும்தான் பேரிடர் என்றும் இல்லை. 2013 ஜூனில் பக்கத்து மூவாரில் புகைமூட்டக் குறியீடு 746ஐத் தொட்டு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அப்போது மூச்சுத்திணறியவர்களும் இதே பட்டியலில் இருக்க வேண்டியவர்கள். கோவிட் காலத்தில் வீட்டைவிட்டு வெளியே வர முடியாமல் மருந்து தீர்ந்தவர்களும் அப்படியே.

அப்புறம் ஒரு கசப்பான விஷயம். அடையாள அட்டை இல்லாதவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடு அறுபது வயதைக் கடந்தவர்களும் உண்டு. குடியுரிமை இல்லாதவர்கள் பலருக்கு அந்த ஒரு வெள்ளிச் சலுகை கிடையாது, கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்டணத்துக்குப் பயந்து கிளினிக்குக்கே போகாதவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறாது. லயங்களில் இன்று நம் பாட்டன்மார் இருந்த அதே இடத்தில் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள் வாழ்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஒரு வட்டாரத்தின் சுகாதாரத்தைப் பேச முடியாது. எலிக்காய்ச்சல் கடப்பிதழ் பார்த்து வருவதில்லை. தோட்ட நிறுவனங்கள் இதில் தங்கள் பங்கைக் கொடுக்க வேண்டும். பணமாக மட்டும் இல்லாமல், தோட்டத்தில் இருக்கும் கிளினிக்கையும் மேடான கட்டடத்தையும் ட்ராக்டரையும் மாவட்டத் திட்டத்தில் சேர்த்து எழுத வேண்டும்.

இவையெல்லாம் மேலிருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகளும் உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய, அரசாங்க உதவித்தொகைப் பட்டியலில் உள்ள பி40 (வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காடு) குடும்பத்தினருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை இருக்கிறது. தகுதி இருந்தும் போகாதவர்கள் நம்மிடையே ஏராளம். கோயில் திருவிழாவின்போது ஒரு மேசை போட்டு அவர்களின் பெயரைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். ஓரிடத்தில் பதிவுள்ள நோயாளி தொடர் மருந்தை வேறு அரசாங்கக் கிளினிக்கில் வாங்கிக்கொள்ளும் வசதியும், அஞ்சல்வழி பெறும் வசதியும் இருக்கின்றன. மருந்து உறைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பி வைக்கலாம்.

வடகிழக்குப் பருவமழை பொதுவாக நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கும். மருந்தை மாதா மாதம் கொடுக்கும் கிளினிக்குகள், தாழ்வான பகுதி நோயாளிகளுக்கு மட்டும் அக்டோபரில் இரண்டு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, போன வெள்ளத்தில் மூழ்கிய தெருக்களின் பெயரையும் அதோடு இணைத்துக் கொடுத்தால், அடுத்த அக்டோபருக்குள் இது நடக்கக்கூடிய காரியம்.